உறுமி வார் தைக்கத் தோல் தையல் இயந்திரம்: எதை வாங்குவது?

வார்ப்பட்டறை, சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். இங்குள்ள உறுமி மேளக் குழுக்களுக்குத் தோள்வாரும், தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாராங் (மலாய் வெட்டுக்கத்தி) உறையும் ஆறு ஆண்டுகளாகக் கையால் தைத்து வருகிறேன். வார் என்பது 4 மி.மீ. தோல் இரண்டு அடுக்கு. பக்கிள் மடியும் இடத்தில் மட்டும் மூன்று அடுக்காகி 12 மி.மீ. வந்துவிடும். தைப்பூசத்துக்கு முன் குவியும் வேலைக்குக் கைத்தையல் போதவில்லை.

ஈப்போவில் மூடப்பட்ட மெத்தைப் பட்டறை ஒன்றில், தட்டை மேசையும் கிளட்ச் மோட்டாரும் (எப்போதும் முழு வேகத்தில் சுழலும் வகை) உள்ள வாக்கிங் ஃபுட் இயந்திரம், அதாவது தோலை அழுத்தும் பாதமே அதை நகர்த்தியும் கொடுக்கும் வகை, விலைக்கு வந்திருக்கிறது. மற்றொன்று, ஜூக்கி 441 வகையைப் பின்பற்றிச் செய்யப்பட்ட, உருளைக் கை கொண்ட புதிய இயந்திரம். விலை பல மடங்கு. பழையதில் என் தோலையும் 270 டெக்ஸ் (நூலின் பருமனைக் குறிக்கும் அளவு) நூலையும் வைத்துத் தைத்துப் பார்த்தபோது, மேல்பக்கம் சீராக இருந்தது. அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது, நான்கு தையலுக்கு ஒன்று விட்டும் போனது. அதில் இருந்தது 140 எண் ஊசி. இது பழுதா, அல்லது அந்த இயந்திரத்தின் எல்லையே அவ்வளவுதானா?

மெத்தைக்கடை, ஈப்போ:

தம்பி, இரண்டும் கலந்திருக்கிறது. முதல் குற்றவாளி ஊசி. 270 டெக்ஸ் நூலுக்கு 200 எண் ஊசி வேண்டும். 140 எண் ஊசியின் பள்ளத்தில் அந்த நூல் அடங்காமல் உரசித் திரிவதால், ஊசி மேலே திரும்பும்போது ஷட்டில் (அடியில் சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி) பிடிக்க வேண்டிய வளையம் சரியாக உருவாவதில்லை. தட்டை மேசை இயந்திரத்துக்கு 135 டெக்ஸ் நூலும் 140 அல்லது 160 எண் ஊசியுமே இயல்பான இணை. ஊசி வாங்கும்போது உறையைப் படித்து வாங்குங்கள்: 135×16 என்றால் தோலை வெட்டிச் செல்லும் முனை, 135×17 என்றால் துணிக்கான முனை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் நானே ஒருமுறை மாற்றி வாங்கி, இரண்டு நாள் இயந்திரத்தின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

அடியில் வளையம் தொங்கினால் அடிநூல் சுற்றிய பாபினைத் தொடாதீர்கள். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உண்மையாகவே அமர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேல் டென்ஷனைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். முடிச்சு தோலின் நடுவில் மறைய வேண்டும். ஊசி எழும்போது தோலும் சேர்ந்து எழும்பினால் பாதத்தின் அழுத்தம் குறைவு என்று பொருள், அதுவும் தையல் விடக் காரணமாகும். தொடங்கும்போது இரு நூல் நுனிகளையும் இரண்டு மூன்று தையலுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் 12 மி.மீ. அந்த இயந்திரத்துக்கு உரிய வேலை அன்று. அது 441 வகைக்கே உரியது.

பழைய மெக்கானிக், தைப்பிங்:

ஊசியை மாற்றிய பிறகும் தையல் விட்டால் மட்டுமே ஷட்டிலைத் தொடுங்கள். கைச்சக்கரத்தைச் சுற்றி ஊசியை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, பின்பு சுமார் 2 முதல் 2.5 மி.மீ. மேலே ஏற்றுங்கள், அந்த நிலையில் ஷட்டில் முனை ஊசியின் நடுவில், கண்ணுக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையே மெல்லிய தாள் நுழையும் அளவே இடைவெளி.

வாங்குவதற்கு முன் மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். தொழிற்சாலை மோட்டார்கள் பல மூன்று ஃபேஸ் மின்சாரத்துக்கானவை, வீட்டு ஒற்றை ஃபேஸில் ஓடா. எப்படியும் கிளட்ச் மோட்டாரைக் கழற்றிவிட்டு, மிதிக்கும் அளவுக்கேற்ப மெதுவாகவும் ஓடும் சர்வோ மோட்டாரும் வேகம் குறைக்கும் பெரிய கப்பியும் போடுவதே தோல் வேலைக்குச் சரி. ஒவ்வொரு தையலாக நிறுத்தித் தைக்கலாம்.

வார்ப்பட்டறை, சுங்கை சிப்புட்:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று 160 எண் தோல் ஊசியும் 135 டெக்ஸ் நூலும் கொண்டுபோய் அதே இயந்திரத்தில் மீண்டும் தைத்தேன். 8 மி.மீ. வாரில் ஒரு முழம் நீளத்துக்கு ஒரு தையலும் விடவில்லை. பக்கிள் மடிப்பிலோ பாதமே ஏறவில்லை. தகட்டில் மூன்று ஃபேஸ் என்றுதான் இருந்தது, அதைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டிருக்கிறேன். உறைக்கும் வாரின் நீளப் பகுதிக்கும் இதை வாங்கிக்கொண்டு, பக்கிள் முனையை இந்தத் தைப்பூசம் வரை கையாலேயே தைக்கிறேன்.