புதுப்பிப்பு: ஆத்தங்குடிக் கல்லில் பூத்த வெள்ளை

போன மாதம் கேட்டிருந்தேன்: கூடத்தில் புதிதாகப் பதித்த, செட்டிநாட்டில் கையால் செய்யும் ஆத்தங்குடித் தரைக்கற்களில் சுவரோரமாக வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது, ஆசிட் ஊற்றலாமா என்று. வேண்டவே வேண்டாம் என்றீர்கள். அதற்குள் கொத்தனார் ஒரு மூலையில் ஊற்றிவிட்டார். அந்தக் கல்லில் சிவப்பு வெளுத்து, தொட்டால் சொரசொரக்கிறது. சூளையில் சுடாத சிமெண்ட் கல்தானே, ஆசிட் மேல்பரப்பையே அரித்துவிடும். எலுமிச்சைச் சாறுகூட ஆகாது.

அந்த வெள்ளை வெறும் உப்பு. அடியில் இருக்கும் ஈரம் மேலே வந்து காயும்போது அதை விட்டுவிட்டுப் போகிறது. நானோ தினமும் கழுவினேன். கழுவக் கழுவ இன்னும் பூத்தது. அப்புறம் மூன்று வாரம் தண்ணீரே காட்டாமல் காய்ந்த துணியால் மட்டும் துடைத்தேன். முக்கால்வாசி போய்விட்டது. இப்போது ஒரு வாளி நீரில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, நன்றாகப் பிழிந்த துணியால் துடைக்கிறேன். எண்ணெய் கூடினால் வழுக்கும், அம்மா ஒருமுறை தடுமாறிவிட்டார்.

சமையல் மேடைக்கும் இதே கல்தான் என்றிருந்தேன், அதில் மட்டும் மனம் மாறிவிட்டேன். புளியும் மஞ்சளும் சிந்தும் இடம், அங்கே கறுப்பு கிரானைட்தான். கெட்டுப்போன அந்தக் கல்லின் மேல் இப்போது குத்துவிளக்கு நிற்கிறது.