கோடியக்கரையில் 2 நாள்: என்ன பார்க்கலாம்?

நெய்தல்வாசி:
டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு கோடியக்கரை போகலாம் என்று யோசனை. கூட்டமான பீச் வேண்டாம். பிள்ளைகளுக்குப் பொழுது போகுமா, எங்கே தங்குவது?

உப்புக்காற்று:
நல்ல நேரம்தான், மழை விட்டிருந்தால் பூநாரை உட்பட வலசைப் பறவைகளைப் பார்க்கலாம். சரணாலயத்துக்குள் வெளிமான் கூட்டத்தைப் பார்க்க விடிந்ததுமே போய்விடுங்கள், வெயில் ஏறினால் மரநிழலுக்குள் ஒதுங்கிவிடும், அப்புறம் வெறும் புல்வெளியைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். காட்டில் திரியும் குதிரைகளும் உண்டு, பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். தங்க வேதாரண்யம்தான் வசதி. பைனாகுலர் இருந்தால் மறக்காதீர்கள்.

தோணித்துறை:
குளிக்கிற ஆசையோடு மட்டும் போகாதீர்கள், அங்கே கடல் கலங்கலாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் வழியில் அகஸ்தியம்பள்ளியில் இறங்கி உப்பளங்களைப் பாருங்கள். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த இடம், நினைவுத்தூண் இருக்கிறது. பெரியவர்கள் வந்தால் வேதாரண்யேஸ்வரர் கோயிலும் ராமர் பாதமும்.

நெய்தல்வாசி:
சரி, குளியலை விட்டுவிட்டோம். இரண்டாம் நாளுக்கு?

உப்புக்காற்று:
முத்துப்பேட்டை. அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய் லகூன் (கடலோரக் காயல்) வரை பார்த்து வரலாம். வனத்துறை அனுமதி வேண்டும், முன்னாடியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், நடுவில் கடையே கிடையாது.