ஏற்காட்டுக்கு வந்து பியானோ ட்யூன் செய்பவர் யாராவது உண்டா?

வணக்கம். அடுத்த மாதம் ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மகள் ஒரு சின்ன பியானோ கச்சேரி செய்கிறாள். எல்லாமே ஒரே மெட்டை விதவிதமாக மாற்றி வாசிக்கும் உருப்படிகள். மொசார்ட்டின் 12 மாறுபாடுகள் (நம் பிள்ளைகள் பாடும் 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டுதான்!), அப்புறம் இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பெர்க் மாறுபாடுகள்' தொகுப்பில் கொஞ்சம். 30 மாறுபாட்டையும் வாசிக்க அவளுக்கு ஆசை; கேட்க வருபவர்கள்மேல் எனக்கு இரக்கம்.

சிக்கல் பியானோவில்தான். மலைப் பனிமூட்டத்தில் ஈரம் ஏறி, பலகை உப்பி, நடு ஸ்தாயியில் சுருதி தூக்கிவிட்டது. இரண்டு கட்டைகள் அழுத்தினால் மேலே எழும்புவதே இல்லை. மெட்டு அங்கேதான் ஓடுகிறது, அதனால் ஒவ்வொரு மாறுபாட்டிலும் அதே பிசிறு திரும்பத் திரும்பக் கேட்கும்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரக்கூடிய ட்யூனர் யாரையாவது தெரியுமா? வண்டிச் செலவு, சாப்பாடு எங்கள் பொறுப்பு. மலையில் பியானோ வைத்திருப்பவர்கள், ஈரத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்றும் சொல்லுங்களேன்.