நான்காம் வகுப்பு வந்ததும் உங்கள் பிள்ளையிடம் என்ன மாறியது? நடந்ததைச் சொல்லுங்கள்

திரியைத் தொடங்கியவர்

மகள் மூன்றாம் வகுப்பை முடித்திருக்கிறாள். தடங்கலில்லாமல் வாசிப்பாள், கூட்டல் கழித்தலில் பயமில்லை, வாய்ப்பாடும் ஓரளவு வரும். ஆனால் பார்க்கிறவர்கள் எல்லாம் "நாலாவதுதான் கஷ்டம், பார்த்துக்கோங்க" என்கிறார்கள். எது கஷ்டம் என்று கேட்டால் "பாடம் ஜாஸ்தி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும், புரிகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை எங்கேயும் ஒன்பது வயதுப் பிள்ளைதானே? உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள். அறிவுரை ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

நிலா அம்மா

எங்களுக்கு முதல் அதிர்ச்சி வாசிப்பில். கணக்கில்தான் வரும் என்று நினைத்திருந்தேன்.

மகன் கதைப் புத்தகம் கையில் கிடைத்தால் விடமாட்டான். அறிவியலில் நீர்ச்சுழற்சிப் பாடம் வந்தது. ஒரு பிசிறில்லாமல் உரக்க வாசித்தான். புத்தகத்தை மூடிவிட்டு, என்னடா சொல்லியிருக்கு என்று கேட்டேன். "தண்ணி மேலே போகும், அப்புறம் மழை வரும்." அவ்வளவுதான். ஏன் மேலே போகிறது, மேலே போனது எப்படி மறுபடி நீராகிறது, எதுவும் தெரியவில்லை. ஆவியாதல், குளிர்ந்து சுருங்குதல், 'இதன் விளைவாக' என்று ஒவ்வொரு சொல்லையும் அழகாக உச்சரித்தவனுக்கு அவற்றில் பாதிக்குப் பொருள் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியவில்லை. கதையில் ஒரு சொல் புரியாவிட்டாலும் அடுத்த சம்பவம் இழுத்துக்கொண்டு போய்விடும். பாடப் புத்தகத்தில் அந்த ஒரு சொல்தான் பாடமே.

இத்தனைக்கும் மூன்றாம் வகுப்பு வரை வாசிப்பில் அவனுக்கு முழு மதிப்பெண்.

நாலாம் வகுப்பு டீச்சர்

நிலா அம்மா சொல்வதை ஒவ்வோர் ஆண்டும் சில பெற்றோரிடம் விளக்க வேண்டியிருக்கிறது. ஹார்வர்டில் வாசிப்பை ஆராய்ந்த ஜீன் சால் என்பவர் 1983-இல் வாசிப்பின் வளர்ச்சியைப் படிநிலைகளாகப் பிரித்து எழுதினார். மூன்றாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. நான்கிலிருந்து வாசித்துத்தான் மற்றதைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவரை நன்றாக வாசித்த பிள்ளைகளில் சிலர், குறிப்பாக வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள், இந்த இடத்தில் பின்தங்குவதை அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் பதிவு செய்தார்கள். 'நான்காம் வகுப்புச் சரிவு' என்று அதற்குப் பெயர். சரிவு முதலில் தெரிந்தது சொற்பொருளில். அன்றாடப் பேச்சில் வராத, புத்தகத்தில் மட்டும் வரும் சொற்களில் பிள்ளைகள் தடுமாறினார்கள். பல நாடுகளின் பிள்ளைகளை வாசிப்பில் ஒப்பிடும் பிர்ல்ஸ் தேர்வு 2001 முதல் நான்காம் வகுப்பை வைத்தே நடப்பதற்கும் இந்தத் திருப்பம்தான் காரணம்.

வகுப்பில் நான் பார்ப்பது: உரக்க வாசிக்கச் சொன்னால் யார் பின்தங்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியாது. "இந்தப் பத்தியை உன் சொல்லில் சொல்லு" என்றால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒரு வேண்டுகோள். பிள்ளை தானாக வாசிக்க ஆரம்பித்துவிட்டது என்று நீங்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். அதன் கைக்கு எட்டாத புத்தகம் காதுக்கு எட்டும்.

கணக்கு அப்பா

சரி, கணக்குக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் போர்க்களம் நீள் வகுத்தல்தான்.

612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னால் என் மகள் 12 என்று எழுதுவாள். ஆறுக்கு ஒரு தடவை, அடுத்தது ஒன்று, அது போகாது என்று ஈவில் எதுவும் எழுதாமல் 2-ஐ இறக்கிவிடுவாள். நடுவில் வர வேண்டிய பூஜ்யம் காணாமல் போய்விடும். விடை 102 என்று திருத்திக் கொடுப்பதில் பயனே இல்லை, அடுத்த கணக்கில் அதே தப்பு. அப்புறம் வகுப்பதற்கு முன்னால் ஒரு குத்துமதிப்பு சொல்லச் சொன்னேன். 600-ஐ ஆறாகப் பிரித்தால் எவ்வளவு? நூறு. அப்படியென்றால் 12 எப்படி வரும்? அவளே சிரித்துவிட்டாள். வகுத்தலில் நாலு படி: வகு, பெருக்கு, கழி, இறக்கு. ஏதாவது ஒன்றில் சறுக்கினாலும் விடை தப்பு. அதில் வாய்ப்பாடு வேறு தடுமாறினால் பிள்ளைக்கு எந்தப் படியில் நிற்கிறோம் என்பதே மறந்துவிடும். விடுமுறையில் ஒரே ஒரு வேலை செய்ய நேரமிருந்தால் வாய்ப்பாட்டை உறுதியாக்குங்கள் என்பேன். பழைய ஆட்கள் சொல்வது என்று ஒதுக்க வேண்டாம்.

வாக்கியக் கணக்கு தனிக் கதை. ஒரு பேருந்தில் 40 பேர் உட்காரலாம், 130 பேர் போக எத்தனை பேருந்து வேண்டும்? "3, மீதி 10" என்று எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள். அந்தப் பத்துப் பேர் எப்படிப் போவார்கள் என்று கேட்டேன். "அது கணக்கில் கேட்கவில்லையே" என்றாள். கேட்டிருக்கிறார்கள், அதுதான் கணக்கே. நான்கு பேருந்து.

பின்னம் வரும்போது இன்னொரு கூத்து இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு பெரியதா, நாலில் ஒரு பங்கு பெரியதா? எட்டுதானே பெரிய எண், அதனால் எட்டில் ஒரு பங்கு! தசமத்திலும் இதேதான்: 25 பெரியது, 3 சின்னது, ஆகவே 0.3-ஐ விட 0.25 பெரியது. இத்தனை வருடம் முழு எண்ணில் சரியாக இருந்த விதியை நம்பித்தான் சொல்கிறார்கள். திட்டாதீர்கள். ஒரு எண்கோட்டை வரைந்து இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்சு

என் அனுபவம் சின்னது. "கரும்பலகையில் இருப்பதைத் தப்புத் தப்பாக எழுதுகிறான், கவனமே இல்லை" என்று பள்ளியிலிருந்து தொடர்ந்து புகார். கவனக்குறைவுக்கு என்னென்னவோ செய்து பார்த்தோம். கடைசியில் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டதும் புகார் நின்றுவிட்டது. இந்த வயதில் கிட்டப்பார்வை தலைகாட்டுவது சகஜம் என்றார் மருத்துவர். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளை சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் வகுப்பு முடிந்த கையோடு ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

மழைத்துளி

பாடம், பாடம் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எங்களைத் தூங்கவிடாமல் செய்தது சிநேகிதம்.

மூன்று பேர் சேர்ந்தே திரிவார்கள். நான்காம் வகுப்பின் நடுவில் மற்ற இருவரும் ஒன்றாகிவிட்டார்கள், என் மகள் வெளியே. அடிதடி இல்லை, திட்டும் இல்லை. அவள் வந்தால் பேச்சை நிறுத்துவது, விளையாட்டில் "ஆள் நிறைஞ்சிருச்சு" என்பது, இப்படி. ஆசிரியரிடம் புகார் சொல்லக்கூட ஒரு சம்பவம் கிடைக்கவில்லை. சின்ன வகுப்பில் காய் விட்டால் சாயங்காலத்துக்குள் பழம் விட்டுவிடுவார்கள். இந்த வயதில் அது வாரக்கணக்கில் நீள்கிறது. யார் யாருக்கு நெருக்கம், தனக்கு எந்த இடம் என்று அளந்து பார்க்கத் தெரிந்துவிடுகிறது.

அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களை உடனே கூப்பிட்டுப் பேச வேண்டும் என்றுதான் எனக்குக் கை துறுதுறுத்தது. வீட்டுக்காரர் தடுத்தார். இரவில் விளக்கை அணைத்தபின் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். "நாளைக்கு என்ன செய்யலாம்னு நினைக்கிறே?" என்பதைத் தவிர நான் கேட்டது குறைவு. வேறொரு பெண்ணோடு படம் வரையத் தொடங்கினாள். பழைய கூட்டு முழுதாகத் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் அவளைவிட எனக்குத்தான் அதிகம் இருந்ததோ என்னவோ.

ஆனால் ஒன்று. வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப நடந்தால், அல்லது பிள்ளை பள்ளிக்குப் போகவே பயந்தால், அது வேறு விஷயம். அப்போது காத்திருக்கக் கூடாது, ஆசிரியரிடம் போய்விட வேண்டும்.

நடுவில் ஒரு குரல்

பயமுறுத்தாதீர்கள் எல்லோரும். என் இரண்டு பிள்ளைகளும் நாலாவதை ஒரு சத்தமுமில்லாமல் தாண்டினார்கள். பெரியவனுக்கு ஆறாவதில்தான் எல்லாம் வந்தது.

திரியைத் தொடங்கியவர்

அதுவும் கேட்க வேண்டியதுதான், நன்றி. ஒரு கேள்வி. இதுவரை வீட்டுப்பாடம் செய்யும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இனியும் அப்படியா?

இருவருக்கு அப்பா

எழுந்துவிடுங்கள். ஒரே நாளில் வேண்டாம். முதலில் நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள், அப்புறம் அடுத்த அறைக்குப் போங்கள்.

நான்காம் வகுப்பில்தான் நாளை மறுநாள் கொடுக்க வேண்டிய வேலை என்று ஒன்று வரும். பல பாடம், பல ஆசிரியர், செயல்திட்டம். பத்தி பத்தியாகக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். ஒன்பது வயது மண்டைக்கு 'அடுத்த வெள்ளிக்கிழமை' என்பது வேறு யுகம். வியாழன் இரவு பசையும் அட்டையுமாக வீடே உட்கார்ந்திருக்கும். நாங்கள் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினோம்: செய்தி திரட்டுவது என்றைக்கு, எழுதுவது என்றைக்கு, படம் என்றைக்கு. எழுதியது மகன். ஒட்டியது மட்டும் நான்.

நேரக் கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் ஒரு வகுப்புக்கு 10 நிமிடம் என்று ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள். அதன்படி நான்காம் வகுப்புக்கு மாலையில் 40 நிமிடம். சட்டமெல்லாம் இல்லை. ஆனால் உங்கள் பிள்ளை தினமும் ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினால், வேலை அதிகமா, புரியவில்லையா, கனவு காண்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

மறந்து வைத்துவிட்டுப் போன நோட்டைப் பள்ளிக்கு ஓடிப்போய்க் கொடுக்காதீர்கள் என்பேன். இதில் என் மனைவிக்கு உடன்பாடில்லை.

நாலாம் வகுப்பு டீச்சர்

எனக்கும் முழு உடன்பாடில்லை, சார். ஒரு தடவை மறந்தால் விட்டுவிடலாம். வாராவாரம் மறக்கிற பிள்ளைக்குத் தண்டனையால் ஞாபகம் வராது. இரவே பையை அடுக்கும் பழக்கம் வேண்டும், அதைப் பழக்கிவிடக் கொஞ்ச நாள் ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

பெயர் வேண்டாம்

யாரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெண் பிள்ளைகளுக்குப் பருவ மாற்றம் 8 வயதிலிருந்து 13-க்குள் தொடங்குவது இயல்பு, ஆண் பிள்ளைகளுக்கு 9-லிருந்து 14. ஆக, ஒரே வகுப்பில் மார்பு அரும்பத் தொடங்கிய பெண்ணும் இருப்பாள், அதற்கு இன்னும் நாலு வருடம் இருக்கும் பெண்ணும் இருப்பாள். என் மகள் திடீரென்று குனிந்து நடக்க ஆரம்பித்தாள், உடை மாற்றும்போது கதவைச் சாத்தினாள். சீக்கிரமாகிவிட்டதோ என்று பதறிக்கொண்டு போனேன். மார்பு வளர்ச்சி தொடங்கி மாதவிடாய் வரப் பொதுவாக இரண்டு வருடம் போல் ஆகும், பொறுமையாகப் பேச அவகாசம் இருக்கிறது என்றார் மருத்துவர். பேசினேன். பாதி விஷயம் வகுப்பில் கேட்டு வைத்திருந்தாள், அந்தப் பாதியும் தப்பு. தோழிகள் சொல்வதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிடுங்கள். 8 வயதுக்கு முன்பே தொடங்கினால் மட்டும் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

தூக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். 6 முதல் 12 வயதுக்கு 9 லிருந்து 12 மணி நேரம் என்கிறார்கள். எங்கள் வீட்டு அழுகை, எரிச்சலில் பாதி படுக்கும் நேரத்தை முன்னுக்கு இழுத்ததும் அடங்கிவிட்டது.

திரியைத் தொடங்கியவர்

வாய்ப்பாடு, கண், படுக்கும் நேரம் மூன்றையும் இந்த வாரமே பார்க்கிறேன். டீச்சர், பள்ளி திறந்ததும் பெற்றோர் கூட்டம் இருக்கும். மதிப்பெண்ணைத் தவிர வேறு என்ன கேட்கலாம்?

நாலாம் வகுப்பு டீச்சர்

முதல் கூட்டத்தில் மதிப்பெண்ணே இருக்காது, அதனால் வசதி. மூன்று கேள்வி கேளுங்கள். வாசித்ததைச் சொந்தச் சொல்லில் சொல்கிறாளா? புரியாதபோது கை தூக்குகிறாளா, பக்கத்து நோட்டைப் பார்க்கிறாளா? இடைவேளையில் யாரோடு இருக்கிறாள்? மூன்றாவதற்கு ஆசிரியரால் உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் வருத்தப்படாதீர்கள். நீங்கள் கேட்டதனால் அடுத்த வாரம் கவனித்துப் பார்ப்பார். இரண்டாவதன் பதில் மட்டும் சரியில்லை என்றால் பருவத் தேர்வு வரை காத்திருக்காமல் மறுபடி வந்து பாருங்கள்.