மறுமொழி: ‘போலிச் சறுக்குப் பாதை’ வேண்டாம், ‘பொய்ச்சாய்வு’ என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம். இறங்கும் விமானத்துக்கு உரிய பாதையைவிட உயரே தவறாகத் தோன்றும் பாதையை ஆங்கிலத்தில் ‘false glide slope’ என்பார்கள். அதற்கு நம் கலைச்சொல் தொகுப்புக்காக முதலில் ஏற்ற ‘போலிச் சறுக்குப் பாதை’ என்ற சொல்லைப் பற்றியே இந்த மறுமொழி.

ஐண்ட்ஹோவன் நிகழ்வைப் பற்றி நம் விமானி நண்பர்கள் இருவர் மூன்று நாளாக நடத்திவரும் விவாதத்தைப் பாலக்கோட்டிலிருந்து ஊன்றிப் படித்துவருகிறேன். 2013 மே 31 அன்று அந்த நெதர்லாந்து விமான நிலையத்தில் இறங்க வந்த போயிங் 737-800, உரிய உயரத்துக்கு மேலே இருந்தபடியே, இறங்கும் பாதையைக் காட்டும் தரையிறக்கக் கருவியின் வானொலிச் சைகையைப் பற்றிக்கொண்டு, தானியங்கியின் கட்டளைப்படி மூக்கைச் சட்டென்று உயர்த்தி வேகம் இழந்தது. விமானிகள் அதை மீட்டு மேலேற்றினார்கள். ஒருவர் இதை விமானியின் வழிப்பிழை என்கிறார், மற்றவர் கருவியின் பிழை என்கிறார். இந்தப் பிணக்குக்குப் பாதிக் காரணம் நாம் முதலில் ஏற்றுக்கொண்ட ‘போலி’ என்ற சொல்லே என்று கருதுகிறேன்.

விமான நிலையக் கருவிகளைப் பராமரித்துப் பல ஆண்டுகள் கழித்தவன் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். ஓடுபாதையருகே உள்ள ஆன்டெனா, 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்ற இரு பண்பேற்றங்களை (வானொலி அலைமேல் ஏற்றிய தொனிகளை) வானில் அனுப்புகிறது; இரண்டும் சம வலிமையில் கிடைக்கும் தளமே விமானம் இறங்க வேண்டிய, வழக்கமாக 3 பாகைச் சாய்வு. ஆனால் அலைகள் தரையில் பட்டு எதிரொளிப்பதால் ஏறத்தாழ 9 பாகையிலும் அதே சமநிலை மீண்டும் தோன்றுகிறது. சைகை தலைகீழாகி, இறங்கச் சொல்ல வேண்டியது ஏறச் சொல்லும் இடங்களும் உண்டு. கருவி பழுதாகவில்லை, யாரும் எதையும் திரிக்கவுமில்லை. ஓடுபாதையிலிருந்து 5 கடல்மைல் தொலைவில் உண்மைச் சாய்வு சுமார் 1,600 அடியில் இருக்கும், 9 பாகைச் சாய்வோ சுமார் 4,800 அடியில் இருக்கும். தொலைவையும் உயரத்தையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். விமானி அறையில் உள்ள காட்டியின் முள் மட்டும் நடுவில் நின்று ‘சரி’ என்றே காட்டும்.

போலி விதை, போலி மருந்து என்னும்போது செய்தவன் ஒருவன் பின்னால் நிற்கிறான். எங்கள் தருமபுரிப் பக்கம் ‘மழை பொய்த்துவிட்டது’ என்கிறோம். அதில் குற்றவாளி எவருமில்லை, நம்பியது நம்பியபடி அமையவில்லை என்பதே பொருள். ‘பொய்’ என்ற அடைமொழி பொய்ச்சாட்சியை நினைவூட்டுமே என்று நம்மில் ஒருவர் அஞ்சினார். பொய்க்கால் குதிரையும் அதே அடைமொழியைத்தான் பெற்றிருக்கிறது, அதை யாரும் வஞ்சகமென்று எண்ணுவதில்லை.

‘சறுக்கு’ என்பதையும் விட்டுவிட வேண்டுகிறேன். சறுக்குதல் என்றால் பிடி நழுவுதல். தொப்பூர்க் கணவாயில் பாரலாரி கியரைக் குறைத்து, பிரேக்கைக் காத்து இறங்குவதை ஓட்டுநர்கள் ‘இறக்கம்’ என்பார்கள். சறுக்கினால் அது விபத்து. விமானமும் கட்டுப்பாட்டோடுதான் இறங்குகிறது. கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே ‘சாய்வு’ இருப்பதால், உரிய பாதையை ‘இறக்கச்சாய்வு’ என்றும், 9 பாகையில் தோன்றுவதைப் ‘பொய்ச்சாய்வு’ என்றும் வைக்கலாம். முன்னதன் ‘இறக்க’ பின்னதில் விடுபடுவதை நான் குறையாகக் கருதவில்லை. பேசும்போது நீளம் உறுத்தும்.

‘உயரே இருந்து இறக்கச்சாய்வை அணுகும் விமானம் பொய்ச்சாய்வைப் பற்றக்கூடும்’ என்ற வாக்கியத்தை விமானி நண்பர்கள் இருவரும் தங்கள் பயிற்சிக் குறிப்பில் எழுதிப் பார்த்து, வாயில் இடறுகிறதா என்று சொன்னால் அடுத்த வாரம் தொகுப்பில் சேர்த்துவிடலாம்.