சாட்ஸ்வர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா) வீட்டார் குழு: கௌரிக்குச் சின்னக் காலேஜா, பெரிய யூனிவர்சிட்டியா?

கௌரி: எல்லாருக்கும் வணக்கம். மே 1-க்குள் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சின்னக் காலேஜ், இல்லாவிட்டால் அந்தப் பெரிய ஸ்டேட் யூனிவர்சிட்டி. உதவித்தொகை போக நாங்கள் கட்ட வேண்டியது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு முதல் வருடத்திலிருந்தே பயாலஜி லேபில் வேலை செய்ய வேண்டும். என்ன நினைக்கிறீர்கள்?

செல்வம் மாமா: இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெரிய யூனிவர்சிட்டிதான். நோபல் வாங்கியவர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். அந்தக் காலேஜ் பேரை ஜோஹானஸ்பர்க்கில் ஒருவருக்கும் தெரியாது.

நளினி அத்தை: இருப்பார்கள். அவர்கள் எங்கே படித்தார்கள் என்றும் பாருங்கள். ஆர்என்ஏ தானே வினையூக்கியாக வேலை செய்யும் என்று கண்டுபிடித்து 1989-இல் கெமிஸ்ட்ரி நோபல் வாங்கிய தாமஸ் செக், அயோவாவில் கிரின்னெல் என்ற சின்னக் காலேஜில் படித்தவர். மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக 2020-இல் வாங்கிய ஜெனிஃபர் டௌட்னா, கலிஃபோர்னியாவில் பொமோனா காலேஜ். இரண்டிலும் இன்றைக்கும் இரண்டாயிரம் மாணவர்கள்கூட இல்லை.

செல்வம் மாமா: சரி, அது இரண்டு பேர். மற்ற பிள்ளைகள் கதை?

நளினி அத்தை: சயன்ஸில் பிஎச்டி வரை போகிறவர்களை மொத்த மாணவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தால், ஹார்வி மட், ரீட், ஸ்வார்த்மோர், கார்ல்டன் மாதிரிச் சின்னக் காலேஜுகள் எம்ஐடியோடு மேல் வரிசையில் வருகின்றன. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சின்னக் காலேஜுகளில் பொதுவாக பிஎச்டி மாணவர்களே கிடையாது. பேராசிரியருக்கு ஆராய்ச்சி நடக்க வேண்டுமென்றால் பிஎஸ்சி பிள்ளைகளைத்தான் பிடித்தாக வேண்டும். போர்ட்லண்டில் ரீட் காலேஜில் 1968-லிருந்து ஒரு அணு உலை ஓடுகிறது. அதை இயக்குவது மாணவர்கள், அதுவும் அரசு லைசன்ஸ் வாங்கி!

பெரியம்மா: ஐயோ, அணு உலையா! கௌரி, நீ அங்கே போகவில்லைதானே?

கௌரி: இல்லை பெரியம்மா 😄

ப்ரியா அக்கா: பெரிய யூனிவர்சிட்டியில் மூன்றாம் வருடம் படிக்கிறவள் சொல்கிறேன். லேபில் இடம் கேட்டு மெயில் மேல் மெயில் போட்டேன். பதில் போட்டவர் ஒருவர்தான். முதல் செமஸ்டர் முழுக்க, ஆராய்ச்சிக்கு வளர்க்கும் பழ ஈக்களுக்குச் சாப்பாடு காய்ச்சும் வேலை. சோளமாவு, கரும்புப் பாகு, ஈஸ்ட், அகர் எல்லாம் சேர்ந்து கொதிக்கிற வாடை ஜாக்கெட்டை விட்டுப் போகாது. குப்பிகளில் ஊற்றி, ஆறவிட்டு, பஞ்சு அடைத்து அடுக்க வேண்டும். பேராசிரியரை வாரக் கூட்டத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் பார்ப்பேன், அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தது ஒரு பிஎச்டி அண்ணன். அவர் தீசிஸ் முடித்துக் கிளம்பியதும் என் ப்ராஜெக்ட்டும் அவரோடு போயிற்று.

ப்ரியா அக்கா: ஆனால் கீழ்த்தளத்தில் புரதங்களை உறைய வைத்துப் பார்க்கும் க்ரையோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருக்கிறது. வகுப்பில் படித்த பேப்பரை எழுதியவரே வந்து பேசுவார். ஒரு லேப் சரிப்படாவிட்டால் பக்கத்துக் கட்டடத்தில் இன்னொன்று. இப்போது இருக்கிற லேப் எனக்கு நன்றாகவே இருக்கிறது.

செல்வம் மாமா: பார்த்தீர்களா!

ராஜன் (அப்பா): கோடை லீவில் இவள் என்ன செய்வாள்? வருடா வருடம் டிக்கெட் போட்டு வந்து போவது ரேண்ட் கணக்கில் தாங்காது.

செல்வம் மாமா: அதற்குத்தான் ஆர்இயு என்ற கோடைத் திட்டம் இருக்கிறதே அத்தான். என்எஸ்எஃப், அதாவது அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பு, காசு கொடுத்து வேறு யூனிவர்சிட்டியில் கோடை ஆராய்ச்சி செய்ய வைக்கும்.

ப்ரியா அக்கா: மாமா, அந்தப் பணம் அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும்தான். நம் பாஸ்போர்ட்டுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. நானும் விண்ணப்பம் பாதி நிரப்பிய பிறகுதான் அந்த வரியைப் பார்த்தேன்.

நளினி அத்தை: ஆகவே கௌரி, பேரைவிட இதை விசாரி. கோடை ஆராய்ச்சிக்குக் காலேஜ் சொந்தப் பணம் கொடுக்கிறதா, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டா, தங்க அறை தருவார்களா? எஃப்-1 மாணவர் விசாவில் கேம்பஸுக்குள் லீவில் முழு நேரம் வேலை செய்யலாம். படிக்கும் நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரைதான். வசதியுள்ள சின்னக் காலேஜுகள் பலவும் கொடுக்கும், எல்லாம் கொடுக்காது.

நளினி அத்தை: சின்ன இடத்தில் சங்கடமும் உண்டு. பாடம் நடத்துவதிலேயே பேராசிரியர்களுக்கு நேரம் போய்விடும், ஆராய்ச்சி பெரும்பாலும் கோடையில்தான் ஓடும். உனக்குப் பிடித்த துறையில் ஒரே ஒருவர் இருப்பார். அவர் சபாட்டிகல் என்று வருடக் கணக்கில் ஆராய்ச்சி விடுப்பில் போனால் அந்த வருடம் அந்தத் துறையே காலேஜில் இல்லாத மாதிரி.

தாத்தா: நான் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரி தீவுக்குப் படகில் போய்ப் பிஎஸ்சி படித்தவன். இந்தியர்களுக்கென்று தனியாக 1961-இல் பழைய கடற்படைக் கட்டடங்களில் வைத்த காலேஜ். ஆராய்ச்சியை யார் கண்டது? டிகிரி கையில் வந்தால் போதும் என்றிருந்தோம். பிள்ளையை லேபுக்குள் விடுகிற இடமாகப் பார்த்து அனுப்புங்கள்.

ராஜன் (அப்பா): பிப்ரவரியிலிருந்து இங்கே வெஸ்ட்வில் யூனிவர்சிட்டி கேம்பஸுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள் அப்பா. இங்கேயே முடித்தால் என்ன என்றும் தோன்றுகிறது.

நளினி அத்தை: முடிக்கலாம் அண்ணா, மோசமில்லை. ஆனால் இங்கே மூன்று வருட பிஎஸ்சியில் ஆராய்ச்சி அபூர்வம். நான்காவது வருடம் ஆனர்ஸ் வந்தால்தான் சொந்த ப்ராஜெக்ட். இவள் அதுவரை பொறுக்கிற ஆளா?

பெரியம்மா: மினசோட்டாவில் புளி கிடைக்குமா? புரட்டாசி விரதத்துக்குப் பிள்ளை என்ன சாப்பிடும்?

ப்ரியா அக்கா: மின்னியாபொலிஸில் இந்தியக் கடைகள் இருக்கின்றன அம்மா. குளிரை நினைத்துக் கவலைப்படு.

கௌரி: இரண்டு இடத்துக்கும் அத்தை சொன்ன கேள்விகளை மெயிலில் அனுப்பினேன். மினசோட்டாவில் பாக்டீரியா ஆராய்ச்சி செய்கிற பேராசிரியரே பதில் எழுதியிருக்கிறார். போன கோடையில் லேபில் நாலு மாணவர்களாம், ஒருவர் கானாக்காரர், சம்பளம் காலேஜ் பணம். கடைசி பேப்பரில் இரண்டு மாணவர்கள் பேர் இருக்கிறது. ஆனால் என் மூன்றாம் வருடத்தில் அவருக்குச் சபாட்டிகல்.

செல்வம் மாமா: யூனிவர்சிட்டி என்ன சொன்னது?

கௌரி: அட்மிஷன் ஆபீஸிலிருந்து ஒரு லிங்க் வந்தது. திறந்தால் கேம்பஸ் மேப்.

நளினி அத்தை: 😂 சபாட்டிகல் வருடம் உன்னை யார் பார்த்துக்கொள்வார் என்று அவரிடமே கேள்.

கௌரி: கேட்டுவிட்டேன் அத்தை. பக்கத்து லேபில் மரபியல் செய்பவர் எடுத்துக்கொள்வாராம். அவரோடு ஞாயிற்றுக்கிழமை ஜூமில் பேசப் போகிறேன்.

ராஜன் (அப்பா): நானும் பக்கத்தில் உட்காருகிறேன். செல்வம், மே 1 தொழிலாளர் தினம், வங்கி மூடியிருக்கும். டாலர் டெபாசிட் முன்னாடியே போக வேண்டும். அந்த ஃபாரெக்ஸ் ஃபார்ம் எப்படி நிரப்புவது?

செல்வம் மாமா: ஆப்பிலேயே அனுப்பலாம் அத்தான். ராத்திரி கூப்பிடுகிறேன்.