கான் வெட்டுகிற தாத்தா காட்டிய முட்டைகள்

மஸ்கெலியாவிலிருந்து:

நம் குழுவில், ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் சந்தித்தவர்களைப் பற்றி ஆளுக்கொன்று எழுதலாம் என்று பேசிக்கொண்டோம். சரி, நானே தொடங்குகிறேன்.

விலங்கியலில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறேன், இது நாலாவது வருடம். பதிவு பேராதனையில். வேலை முழுக்க மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலை மலைகளிலும், அவற்றை ஒட்டிய காட்டுத் துண்டுகளிலும். நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், அங்கிருந்து நடந்தே போகலாம்.

என் ஆய்வு புதர்த் தவளைகளைப் பற்றியது. பெரும்பாலானவை பெருவிரல் நீளம்கூட இருக்காது. இவற்றுக்கு வாற்பேத்தைப் பருவமே கிடையாது. முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, குட்டித் தவளையாகத்தான் வெளியே வரும். அதனால் குளம் குட்டை வேண்டாம், ஈர மண்ணோ ஈர இலையோ போதும். ஆனால் அந்த ஈரம் போய்விட்டால் முட்டையும் போய்விடும். காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது, பிறகு தேயிலை நட்டார்கள். இதற்கிடையில் இந்தத் தவளைகளில் எத்தனையோ இனங்கள் இல்லாமலே போய்விட்டன. சில போனதாக நினைத்து, திரும்பக் கிடைத்தவை. 1853இல் கெலார்ட் என்ற இயற்கை ஆய்வாளர் நுவரெலியாவில் கண்டு எழுதிவைத்த ஒரு தவளை, நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு சிவனொளிபாத மலைக் காட்டில் உயிரோடு கிடைத்தது. இளங்கலைப் படிப்பின் கடைசி வருடத்தில் அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் லயத்து இஸ்தோப்பிலிருந்து, அதாவது முன் திண்ணையிலிருந்து, பார்த்தால் தெரிகிற மலை அது.

என் கேள்வி சின்னது. தேயிலைக்குள் இந்தத் தவளைகள் கத்துவதைக் கேட்கிறோம். அவை அங்கேயே முட்டையிட்டுப் பெருகுகின்றனவா, இல்லை, காட்டிலிருந்து வந்துபோகின்றனவா? பெருகுகின்றன என்றால் தேயிலைத் தோட்டமும் அவற்றுக்கு வீடு. வந்துபோகின்றன என்றால், பக்கத்தில் மிச்சமிருக்கிற காட்டுத் துண்டும் போன அன்று அவையும் போய்விடும். முட்டையைக் கண்ணால் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஏழு மாதம் தேடினேன். இரவு ஏழு மணிக்குக் கிளம்புவேன். நெற்றியில் டோர்ச், காலில் அட்டைக்குச் சவர்க்காரம், துணைக்குத் தம்பி. பொம்பளைப் பிள்ளை ராத்திரியில் மலைக்குப் போகுது என்று ஊர் பேசியது. அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பயந்தது மிருகங்களைப் பிடிக்க வைக்கிற கம்பிச் சுருக்குக்குத்தான். 2020இல் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படிச் சிக்கி, மூன்றே நாளில் செத்தது எங்களுக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு அடியையும் பார்த்துத்தான் வைப்போம். செடி அடியில், வாது இடுக்கில், சவுக்குச் சருகுக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் பார்த்தோம். ஒரு முட்டைகூட இல்லை. 'தேயிலையில் இனப்பெருக்கம் இல்லை' என்று எழுதிவிடலாமா என்ற யோசனைகூட வந்துவிட்டது.

ஒருநாள் காலையில் மழை விட்ட நேரம், கான் (மழைத்தண்ணீர் வடிகிற வாய்க்கால்) வெட்டிக்கொண்டிருந்த தாத்தா ஒருவர் என்னைக் கூப்பிட்டார். பென்ஷன் வயதைத் தாண்டியும் கைக்காசுக்கு வேலை செய்கிறவர்.

"என்னா புள்ள, ராவெல்லாம் லைட்டு அடிச்சு என்னாத்த தேடுற?"

சொன்னேன்.

"செடியில தேடுனா எப்புடி? கான் வெட்டி மண்ண மேல போடுறோம்ல, அந்த வரப்புல பாரு. ரெண்டு மழை பேஞ்சாப் பொறவு கிண்டுனா சவ்வரிசி மாதிரி இருக்கும். நாங்க நத்த முட்டைன்னு வெட்டித் தள்ளிப்புட்டுப் போயிருவோம்."

மம்பட்டியை வைத்துவிட்டு, விரலாலேயே மண்ணைக் கிளறிக் காட்டினார். அரை விரல் ஆழம் இருக்கும். 14 முட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டி. நத்தை முட்டை என்றால் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், இவை கண்ணாடி மாதிரி. லென்ஸை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கண்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று பின்னங்காலை மடக்கியது. லென்ஸைத் தாத்தாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் குனிந்தே இருந்தார். "அடியாத்தி, இத்தன வருசமா இதையா வெட்டுனேன்" என்றார். என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் அந்த வரப்பில்தான் பிறந்தது.

அந்தத் தகவலுக்கு அவர் பெயரைப் போட்டேன். ஒரு பேராசிரியர் நேரில் சொன்னதை எப்படிப் பெயரும் வருடமும் போட்டு 'நேரில் தெரிவித்தது' என்று எழுதுவோமோ, அதே மாதிரி. அத்தியாயத்தைப் படித்த ஒருவர், இதை நன்றியுரையில் போட்டால் போதும் என்று குறிப்பு எழுதிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் மேற்பார்வையாளர் என் பக்கம் நிற்கிறார். உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தலவாக்கலையிலிருந்து:

தங்கச்சி, குறிப்பு எழுதியவருக்காக அந்தப் பெயரை எடுத்துவிடாதீர்கள். நான் எடுத்தேன், இன்றைக்கும் உறுத்துகிறது.

என் ஆய்வு தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு. இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். அது மரத்தைத் தின்பதில்லை. பெண் வண்டு பூஞ்சணத்தைத் தன்னோடு கொண்டுவந்து, துளைக்குள் பயிர்செய்து, குஞ்சுகளுக்குச் சாப்பாடாகக் கொடுக்கும். வெளியே பார்த்தால் செடி நன்றாகத்தான் இருக்கும். கொழுந்து எடுக்கிற பிள்ளைகள் சாய்ந்தால் வாது படக்கென்று முறியும், அப்போதுதான் தெரியும்.

எந்தச் செடியில் துளை இருக்கிறது என்று கண்டுபிடிக்க நான் தண்டுகளை வெட்டிப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கவ்வாத்து வெட்டுகிற அண்ணன் ஒருவர் கத்திச் சத்தத்தை வைத்தே சொல்வார். நல்ல வாதில் கத்தி 'சக்'கென்று இறங்குமாம், துளை விழுந்ததில் சத்தம் அமுங்குமாம். ஒரு வரிசை முழுக்க அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, பிறகு பிளந்து பார்த்தேன். இரண்டு செடியில்தான் பிசகியது. அதை ஆய்வேட்டில் எழுதினேன். 'அனுபவமுள்ள தொழிலாளி ஒருவர்' என்று. ஒருவர்! பட்டமளிப்பு முடிந்து வந்தபோது அவர் தோட்டத்தை விட்டு மகனோடு கொழும்புக்குப் போயிருந்தார்.

பண்டாரவளையிலிருந்து:

நான் இன்னும் தொடங்கவேயில்லை. உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மூன்று வருடப் பொதுப் பட்டம்தான் இருக்கிறது. நேரே கலாநிதிப் பட்டத்துக்குப் பதியலாமா? எங்கள் வகுப்பில் உயிரியல் எடுக்கிற பிள்ளைகள் எல்லோருக்கும் டாக்டர் கனவு மட்டும்தான். வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால் அழுதுகொண்டே தையல் வகுப்புக்கோ கடைக்கோ போகிறார்கள். இப்படியும் ஒரு பாதை இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல எனக்கே தெரிந்திருக்கவில்லை. தாத்தாவின் கதையை நாளைக்கு வகுப்பில் வாசிக்கப் போகிறேன்.

மஸ்கெலியாவிலிருந்து:

டீச்சர், பொதுப் பட்டம் வைத்திருப்பவர்கள் முதலில் ஆய்வு உள்ள முதுமாணி செய்துவிட்டு வருவதுதான் வழக்கமான வழி. எம்.பில்லுக்குப் பதிந்து, வேலை நன்றாக இருந்தால் நடுவில் கலாநிதிப் பட்டத்துக்கு மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. நானும் அப்படித்தான் வந்தேன். முழுநேரமாக என்றால் குறைந்தது மூன்று வருடம், களவேலை இருந்தால் அதற்கு மேலேயே போகும். காட்டு விலங்கு என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி கையில் வந்த பிறகுதான் ஒரு தவளையையாவது தொடலாம். அந்தக் காத்திருப்பையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரைத் தேடும்போது அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிப்பாருங்கள், தலைப்பைவிட அது முக்கியம்.

அண்ணா, பெயரை எடுக்கவில்லை. நேற்று தாத்தாவைப் பார்த்து, இங்கிலீசில் உங்கள் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டேன். உள்ளே போய் அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு மாதிரி இருக்கிறது. தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. இந்த வித்தியாசத்தால் சேமலாபக் காசு எடுக்க அவர் எத்தனை தடவை பஸ் ஏறி அலைந்தார் என்பதையும் சொன்னார். எதைப் போடட்டும் என்றேன்.

"அதெல்லாம் அவுக எழுதுனது புள்ள. எங்காத்தா கூப்புட்ட மாதிரி போடு."

அவர் சொல்லிக்காட்ட, நான் எழுத்துக் கூட்டினேன். ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்ததில் இரண்டு எழுத்து மாறவேண்டியிருந்தது. மாற்றி, இன்று காலையில் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.